நீளச் சொல் எளிது, குட்டைச் சொல் கடினம்: ஓர் உக்ரைனியர் படிக்கும் சட்ட ஆங்கிலம்

மெல்பர்ன் நகரில் பணிபுரியும் வாசகர் ஒருவர் சென்ற மாதம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அவருடைய அலுவலகத்தில் வேலை செய்யும் உக்ரைனியப் பெண்மணி, 2022-ல் போர் மூண்ட பிறகு ஆஸ்திரேலியாவுக்கு வந்தவர். வணிக ஒப்பந்தங்களில் வரும் ஜூரிஸ்டிக்ஷன் (நீதிமன்ற அதிகார வரம்பு), ஆர்பிட்ரேஷன் (நடுவர் தீர்ப்பு), ரேட்டிஃபிகேஷன் (உறுதிப்படுத்தல்) போன்ற சொற்களை அகராதியைத் தொடாமலே புரிந்துகொள்கிறாராம். ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் ‘பாண்ட்’ என்ற சின்னஞ்சிறு சொல்லைப் பார்த்துவிட்டு, குடியேறுவதற்கு முன் அரசாங்கக் கடன் பத்திரம் வாங்கியாக வேண்டும் போலிருக்கிறது என்று இரண்டு நாள் கவலையோடு இருந்தாராம். ஆஸ்திரேலியாவில் அந்தச் சொல் வாடகை வீட்டுக்குக் கட்டும் முன்பணத்தைக் குறிக்கிறது. “பெரிய சொல் கடினம், சின்னச் சொல் எளிது என்றுதானே நாம் படித்தோம், இவருக்கு மட்டும் ஏன் தலைகீழாக இருக்கிறது?” என்பது வாசகரின் கேள்வி.

வரலாற்றை விரைவாகக் கடந்துவிடலாம். 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் அந்நாட்டு நீதிமன்றங்களில் பிரெஞ்சும் லத்தீனும் கோலோச்சின. வழக்குகளை ஆங்கிலத்தில் வாதிட வேண்டும் என்று 1362-ல் ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டிருந்தது என்பது வேறு விஷயம். 1730-ல் இயற்றப்பட்ட இன்னொரு சட்டம்தான், 1733 முதல், நீதிமன்ற ஆவணங்களை முழுமையாக ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தது. ஆகவே சட்ட ஆங்கிலத்தின் நீளமான சொற்களில் பெரும்பாலானவை லத்தீன் வழி வந்தவை. உக்ரைனும் அதே லத்தீனைத் தன் வழியில் பெற்றுக்கொண்டது. மேற்கு உக்ரைனின் லிவீவ் நகருக்கு 1356-ல் ஜெர்மானிய மரபிலான மக்தெபுர்க் நகரச் சட்டம் வழங்கப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டில் கீவ் மொஹிலா கல்விக்கூடம் லத்தீனிலேயே பாடம் நடத்தியது. உக்ரைனியத் தலைவர் (ஹெட்மன்) பிலிப் ஓர்லிக் பெயரால் அறியப்படும் 1710-ஆம் ஆண்டு அரசியல் சாசனத்துக்கு லத்தீன் வடிவமும் உண்டு.

இதன் பயனாக உக்ரைனியரிடம் ஒரு மாயச் சாவி இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஷன்’ என்று முடியும் சொல்லின் வாலை நறுக்கிவிட்டு ‘ட்ஸியா’ என்ற வாலை ஒட்டினால் பெரும்பாலும் உக்ரைனியச் சொல் கிடைத்துவிடும். ஜூரிஸ்டிக்ஷன் ‘யுரிஸ்திக்ட்ஸியா’ ஆகும், காம்பென்சேஷன் ‘கொம்பென்ஸாட்ஸியா’ ஆகும், கான்ஃபிஸ்கேஷன் ‘கொன்ஃபிஸ்காட்ஸியா’ ஆகும். நாம் பள்ளியில் ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்த நூற்றுக்கணக்கான சொற்களை அவர் ஒரே விதியால் திறந்துகொள்கிறார். அவருடைய கவலையும் இந்தச் சாவியிலிருந்தே பிறக்கிறது. அது எப்படி என்று பார்க்க, மூளைக்குள் சொற்கள் எவ்வாறு விழித்தெழுகின்றன என்பதைக் கொஞ்சம் நிதானமாகக் கவனிக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று அதற்கு உதவுகிறது.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்பிவி, வியோரிகா மரியன் என்ற இரு ஆய்வாளர்கள், ரஷ்யனும் ஆங்கிலமும் அறிந்தவர்களை ஒரு பலகையின் முன் உட்காரவைத்தார்கள். அவர்களுடைய தலையில் கண்ணசைவைப் பதிவு செய்யும் கருவி பொருத்தப்பட்டிருந்தது. பலகையின் மேல் நான்கு பொருள்கள்: ஓர் அஞ்சல் தலை, ஒரு மார்க்கர் பேனா, சம்பந்தமில்லாத வேறு இரண்டு. பிறகு ரஷ்ய மொழியில், அஞ்சல் தலையை எடுத்துச் சிலுவைக் குறிக்குக் கீழே வை என்று கட்டளை வரும். அஞ்சல் தலைக்கு ரஷ்யச் சொல் ‘மார்க்கா’. உக்ரைனியத்திலும் அதே சொல்தான். முழு உரையாடலும் ரஷ்யனில் நடந்துகொண்டிருக்க, ஆங்கிலத்துக்கு அங்கே எந்த வேலையும் இல்லாதபோது, கேட்டவர்களின் கண்கள் மார்க்கர் பேனாவை அடிக்கடி தொட்டுவிட்டுத்தான் அஞ்சல் தலைக்குப் போயின. 1999-ல் வெளியான இந்த முடிவைப் படித்த அன்று நான் அடைந்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. மனிதர் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. தம் பார்வை திசைமாறியது அவருக்கே தெரிந்திருக்குமா என்பது ஐயம். கண் மட்டும் உள்ளே நடந்ததைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

உள்ளே நடந்தது இதுதான். ‘மா’ என்ற ஒலி காதில் விழுந்ததும் அந்த ஒலியில் தொடங்கும் சொற்களெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக விழிக்கின்றன. ‘மார்’ என்று நீண்டதும் பொருந்தாதவை மறுபடி உறங்கப் போகின்றன. ‘மார்க்’ வரும்போது மிச்சமிருப்பவை இரண்டு மூன்றுதான், அவற்றுக்குள் போட்டி நடக்கிறது. ஒரு மொழி மட்டும் அறிந்தவருக்கும் இதுதான் நடைமுறை. இரு மொழி அறிந்தவருக்கு வேறுபாடு என்னவென்றால், ‘இப்போது ரஷ்யன் நேரம், ஆங்கிலச் சொற்கள் அமைதியாக இருங்கள்’ என்று சொல்லும் கதவுக்காவலர் எவரும் மூளையில் இல்லை. இரு மொழிச் சொற்களும் ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கின்றன. ஒலி பொருந்தினால் எந்த மொழிக்காரராயினும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். எழுத்து வேறாக இருந்தால் தப்பிக்கலாமே என்று தோன்றும். ஆனால் ஹீப்ருவும் ஆங்கிலமும் அறிந்தவர்களிடம் 1997-ல் நடத்திய சோதனையில், ஓர் எழுத்துமுறையில் கண்ணிமைக்கும் நேரம் மட்டும் காட்டி மறைத்த சொல்கூட, மறு எழுத்துமுறையிலுள்ள தன் உறவுச் சொல்லைத் தட்டி எழுப்பியது. கண் பார்த்த எழுத்து மனத்துக்குள் ஒலியாக மாறிவிடுவதே இதற்குக் காரணம் என்று கருதலாம். எனவே சிரிலிக் எழுத்து உக்ரைனியரைக் காப்பாற்றாது.

பொருளும் ஒன்றாக இருக்கும்போது இந்தக் கூட்டு விழிப்பு பெரும் வரம். ஒலியும் பொருளும் இரு பக்கமிருந்தும் வலுச்சேர்க்க, சொல் வேகமாகப் பிடிபடுகிறது. ஒலி மட்டும் ஒன்றாயிருந்து பொருள் விலகிப் போயிருந்தால் அதே விழிப்பு வலையாகிவிடும். மொழியியலார் இத்தகைய சொற்களைப் ‘போலி நண்பர்கள்’ என்பார்கள். தமிழர் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு: நாம் நீதிமன்றத்தில் கூடுதல் நாள் கேட்பதை ‘அவகாசம்’ என்கிறோம், மலையாளத்தில் அதே சொல்லுக்கு உரிமை என்று பொருள். சட்ட ஆங்கிலத்தில் உக்ரைனியருக்கு இப்படிப்பட்ட இடங்கள் ஏராளம். ‘எக்ஸ்பெர்திஸா’ என்றால் அவருக்கு வல்லுநர் நடத்தும் ஆய்வு, ஆங்கிலத்தின் எக்ஸ்பர்ட்டீஸோ வல்லமையையே குறிக்கிறது. ‘யுரிஸ்த்’ என்பவர் உக்ரைனில் சட்டம் படித்துத் தொழில் செய்யும் எவரும். ஆங்கிலத்தில் ஜூரிஸ்ட் என்றால் சட்டப் பேரறிஞர் என்ற கனம் வந்துவிடுகிறது. வழக்குத் தொடுப்பதற்கு முன் எதிர்த்தரப்புக்கு அனுப்பும் எழுத்துபூர்வமான கோரிக்கை ‘ப்ரெதென்ஸியா’. அதை நேராக ஆங்கிலமாக்கிப் ‘பிரிடென்ஷன்’ என்று எழுதினால், நாங்கள் வீண் பகட்டு செய்கிறோம் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். ‘தெக்ரேத்’ என்ற சொல் இன்னும் சுவையானது. அரசாணையைக் குறிக்கும் அச்சொல், சோவியத் ஆட்சியின் தொடக்க கால ஆணை வழியாக வந்த மகப்பேறு விடுப்பின் பெயராகவும் பேச்சுவழக்கில் நிலைத்துவிட்டது. ஆங்கிலத்து டிக்ரீயோ நீதிமன்றத் தீர்ப்பாணை.

இப்போது மெல்பர்ன் பெண்மணியின் பாண்டுக்கு வருவோம். அந்தச் சொல்லுக்கு அவர் அகராதியில் கண்ட பொருள்களுள் ஒன்று ‘ஒப்லிஹாட்ஸியா’. அது கடன் பத்திரத்துக்கு உக்ரைனியச் சொல். ‘ட்ஸியா’ வாலை மாற்றிப் பாருங்கள், ஆப்ளிகேஷன் வந்து நிற்கும்; ஆனால் ஆங்கிலத்தில் அது பத்திரமாகாது, கடப்பாடு என்றே பொருள்படும். இந்தச் சிக்கலின் அடியில் அழகான ஒன்று ஒளிந்திருக்கிறது. ஆப்ளிகேஷனின் உள்ளே இருப்பது ‘கட்டு’ என்று பொருள்படும் லத்தீன் வினை. பாண்ட் என்ற சொல்லும் கட்டுதலைக் குறிக்கும் பழைய ஜெர்மானிய வேரிலிருந்து வந்தது. கடப்பாட்டுக்கு உக்ரைனியத்தில் உள்ள சொந்தச் சொல் ‘ஸொபொவ்யஸான்யா’. அதன் வேர் ‘வ்யஸாத்தி’, கட்டுதல். அதே வேரிலிருந்து ‘வ்யாஸென்’, அதாவது கட்டுண்ட கைதி என்ற சொல்லும் பிறக்கிறது. நம் நீதிமன்றங்களில் ‘பிணை’ என்கிறோமே, பிணைத்தலும் கட்டுதல்தானே! வாக்கையும் பணத்தையும் ஆளையும் கயிற்றால் கட்டுவதாகவே இந்த மொழியினர் எல்லாரும் கண்டிருக்கிறார்கள். அந்தக் கயிறு ஒரு மொழியில் பத்திரமாகவும், இன்னொன்றில் கடமையாகவும், வேறொன்றில் வாடகை முன்பணமாகவும் போய் முடிந்திருக்கிறது.

குட்டைச் சொற்கள் தொல்லை தருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உக்ரைனியத்தில் ‘ப்ராவொ’ என்ற ஒரே சொல் சட்டத்துறையையும் தனிமனித உரிமையையும் குறிக்கும். ஆங்கிலத்தில் லா வேறு, ரைட் வேறு. போதாக்குறைக்கு, நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்துக்கு உக்ரைனியத்தில் ‘ஸகோன்’ என்று தனிச்சொல் இருக்க, ஆங்கிலம் அதையும் லா என்கிறது. ‘பொஸிச்சாத்தி’ என்ற வினையோ கடன் கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் பொது. ஒரு சொல்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிகர்கள் இருந்தால் அதைக் கற்பது கடினமாகிறது என்பதைச் சோதனைகளும் காட்டியிருக்கின்றன. சட்ட ஆங்கிலத்தில் கட்டாயத்தைக் குறிக்கும் ‘ஷல்’ என்ற துணைவினை இதைவிட மோசம். உக்ரைனிய ஒப்பந்தம் ‘குத்தகைதாரர் பணம் செலுத்துகிறார்’ என்று நிகழ்காலத்தில் எழுதியே கட்டாயத்தை உணர்த்திவிடும். அதில் பழகிய கண்ணுக்கு ‘ஷல் பே’ என்பது எப்போதாவது செலுத்துவார் என்ற எதிர்கால வாக்கியமாகப் படுகிறது.

சொல் இருந்தும் கருத்தே இல்லாத இடமும் உண்டு. ஆங்கிலேயச் சட்டத்தில் வெறும் வாக்குறுதி பொதுவாக ஒப்பந்தமாகாது, கைம்மாறாக ஏதேனும் ஒன்று தரப்பட வேண்டும். அதற்குக் ‘கன்சிடரேஷன்’ என்று பெயர். அது அற்பமானதாக இருந்தாலும் போதும். வாடிக்கையாளர் அனுப்பிய சாக்லேட் உறைகள்கூடக் கைம்மாறின் ஒரு பகுதியே என்று, அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் விளங்கிய பிரபுக்கள் அவை 1959-ல் தீர்ப்பளித்தது, அந்த உறைகளைப் பெற்றுக்கொண்ட நிறுவனம் அவற்றைக் குப்பையில்தான் போட்டது என்றபோதிலும். உக்ரைனின் சிவில் சட்டம் ஐரோப்பியக் கண்டத்து மரபைச் சேர்ந்தது, அதில் இந்தக் கோட்பாடே கிடையாது. எனவே பழைய சொல்லோடு புதிய சொல்லைக் கட்டிவைக்கும் உத்தி இங்கே பலிக்காது. கருத்தையே முதலில் கட்டியெழுப்ப வேண்டும்.

சரி, வலையில் விழாமல் கற்பது எப்படி? உறங்கும்போது காதில் ஒலிக்கவிட்டால் சொற்கள் தாமே ஏறிக்கொள்ளும் என்று விற்பவர்களை நான் சோதிடர்களோடுதான் சேர்ப்பேன். உறக்கத்துக்கு உண்மையான பங்கு ஒன்று இருக்கிறது. ஆங்கிலேயர்களுக்கு, ‘கதீட்ரல்’ போன்ற சொற்களைச் சற்றே திரித்துப் புனைந்த புதுச்சொற்களைக் கற்பித்தார்கள். மாலையில் கற்றவர்களிடம் மறுநாள் காலையில் புதிய சொல் பழைய சொல்லோடு போட்டியிடத் தொடங்கிவிட்டது. காலையில் கற்றவர்களிடம் அன்று மாலைவரை போட்டி இல்லை, ஓர் இரவு உறங்கி எழுந்த பின்தான் வந்தது. 2007-ல் வெளியான இந்த ஆய்வின்படி, பகலில் விழித்துக் கற்றதை இரவு உறக்கம் மன அகராதியில் குடியமர்த்துகிறது. திரும்பத் திரும்பப் படிப்பதைவிடத் தன்னைத் தானே சோதித்துக்கொள்வதற்கு வலிமை அதிகம் என்பதும் உறுதியாகத் தெரியும். 2008-ல் வெளியான ஆய்வொன்றில், 40 சுவாஹிலிச் சொற்களைக் கற்றவர்களுள், ஒருமுறை சரியாகச் சொன்ன பிறகும் தம்மைச் சோதித்துக்கொண்டே இருந்தவர்கள் ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 80 விழுக்காட்டை நினைவில் வைத்திருந்தார்கள். சோதனையை விட்டுவிட்டவர்களிடம் ஏறத்தாழ 35 விழுக்காடே எஞ்சியது. ஆகவே போலி நண்பர்களை மட்டும் தனிப்பட்டியலாக்கி, மாலையில் ஒருமுறை, மறுநாள் ஒருமுறை என்று ஏட்டை மூடிவைத்துக் கேட்டுப் பார்ப்பது நல்லது. பொருள் மாறாத ‘ட்ஸியா’ சொற்களுக்கு நேரம் செலவிட வேண்டியதில்லை, அவை தாமே வந்துவிடும்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். இருமொழிச் சொல்லறிவு பற்றிய ஆய்வுகளில் டச்சும் ஸ்பானியமும்தான் மறுபடி மறுபடி வருகின்றன, பணம் அங்கேதான் இருக்கிறது என்பது என் ஊகம். சில அதிகாரிகளுக்கு ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கும் சட்டத்தை உக்ரைன் 2024-ல் இயற்றிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் பேச்சுவார்த்தையும் அதே ஆண்டில் தொடங்கியது. இத்தனை பேர் படிக்கவிருக்கும்போது, அவர்கள் எந்தச் சொல்லில் தடுக்கி விழுகிறார்கள் என்று அளந்து பார்க்கக் கொஞ்சம் நிதி ஒதுக்குவது பெரிய செலவாகாது.

வாசகரின் தோழிக்கு ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. உக்ரைனியத்தில் வாடகைக்கு விடுபவர் ‘ஒரெண்டொதாவெட்ஸ்’, வாடகைக்குக் கொடுப்பவர். முதலாளி ‘ரொபொதொதாவெட்ஸ்’, வேலை கொடுப்பவர். சொல்லைப் பிரித்தால் பொருள் விளங்கிவிடும். சட்ட ஆங்கிலமோ லெஸ்ஸார் (வாடகைக்கு விடுபவர்), லெஸ்ஸீ (வாடகைக்கு எடுப்பவர்) என்று பழைய பிரெஞ்சு வால்களை வைத்து ஆளைக் குழப்பும்; மார்ட்கேஜார் என்பவர் கடன் வாங்கியவரா கொடுத்தவரா என்று படித்தவர்களே தடுமாறுவார்கள் (வாங்கியவர்தான்). அவர் வசிக்கும் விக்டோரியா மாநிலம் 2021 மார்ச் மாதம் முதல் தன் வாடகைச் சட்டத்தில் லேண்ட்லார்ட் என்ற சொல்லை நீக்கிவிட்டு, ‘வாடகை வழங்குபவர்’ என்று பொருள்படும் ‘ரென்டல் ப்ரொவைடர்’ என்ற தொடரைக் கொண்டுவந்திருக்கிறது. ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் அந்தத் தொடரைப் பார்த்தபோது அவருக்கு அகராதி தேவைப்பட்டிருக்காது.