பசுமைக்குடிலுக்குக் கூரை: பாலித்தீனா, பாலிகார்பனேட்டா, கண்ணாடியா?

ஓசூர்ப் பகுதியில் ரோஜாவுக்கும் கொடைமிளகாய்க்கும் பசுமைக்குடில் அமைக்க வரும் விவசாயிகள் என்னிடம் முதலில் கேட்பது, விலை கூடினாலும் பாலிகார்பனேட்தானே நல்லது என்பதுதான். உள்ளே குழாய் குழாயாக இடைவெளி விட்ட அந்தக் கெட்டி பிளாஸ்டிக் தகட்டின் இரட்டைச் சுவர்களுக்கு நடுவில் நிற்கும் காற்று வெப்பத்தைத் தடுப்பது உண்மைதான். ஆனால் அந்தப் பயன், நெதர்லாந்தைப் போல மாதக்கணக்கில் குடிலைச் சூடேற்ற வேண்டிய ஊர்களுக்கு உரியது. நம் சமவெளியில் பகல் முழுவதும் சூட்டை வெளியேற்றுவதே பெரும்பாடாக இருக்க, பக்கத் திரைகளைத் திறந்து வைத்திருக்கும் குடிலுக்கு அந்தச் செலவு வீண் என்பதே என் கருத்து. கண்ணாடி 90 விழுக்காடு அளவுக்கு ஒளியை விட்டாலும், 4 மி.மீ. கனத்துக்கே சதுர மீட்டருக்கு 10 கிலோ எடை வருவதால், அதைத் தாங்கும் சட்டத்தின் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 200 மைக்ரான் பாலித்தீன் தாள் 200 கிராமைக்கூட எட்டாது. ஒளியிலும் பெரிதாகக் குறைவில்லை.

நீலகிரியின் கதை வேறு. மேகமற்ற சனவரி இரவுகளில் மண் வெளியிடும் வெப்பக் கதிர்களைச் சாதாரண பாலித்தீன் தடுப்பதில்லை என்பதால், சில வேளைகளில் குடிலுக்குள் வெளியைவிடக் குளிர் கூடிவிடும். அங்கே வெப்பம் காக்கும் சேர்மானம் கலந்த தாளையோ, நாற்றங்காலாக இருந்தால் பாலிகார்பனேட்டையோ தயங்காமல் பரிந்துரைப்பேன்.

பொருளைவிடப் பொருத்துவதிலும் பராமரிப்பிலும் நேரும் பிழைகளே அதிக இழப்பைத் தருகின்றன. மூன்றாண்டுகூட நிறையாத ஒரு ரோஜாக் குடிலில் தாள் கிழிந்துவிட்டதென்று அழைத்திருந்தார்கள். நடுப்பகுதியில் வெட்டிய துண்டைக் கையால் இழுத்தபோது ரப்பர்போல நீண்டது. சட்டமாக நிற்கும் ஜிஐ பைப்பின் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயின்) மேல் படிந்திருந்த துண்டை மடித்ததும் சருகுபோல நொறுங்கியது. வெயிலில் காயும் பைப்பின் சூடு ஒரு காரணம். சாம்பல் நோய்க்காக வாரந்தோறும் அடித்த கந்தகம் மற்றொன்று. கந்தகமும் குளோரின் கலந்த மருந்துகளும் தாளிலுள்ள புற ஊதாப் பாதுகாப்பைச் செயலிழக்கச் செய்கின்றன. தாள் படியும் இடங்களில் பைப்புக்கு வெள்ளை வண்ணம் பூசியிருந்தால் பாதிச் சேதத்தையாவது தவிர்த்திருக்கலாம்.

பாலிகார்பனேட்டில் பெரும்பாலும் ஒரு முகத்தில் மட்டுமே புற ஊதாப் பூச்சு இருக்கும். அந்த முகத்தை அடையாளம் காட்டுவது, மேலே ஒட்டியுள்ள அச்சிட்ட மெல்லிய உறைதான். வேலையாட்கள் அதை முன்கூட்டியே உரித்துவிட்டுத் தலைகீழாகப் பொருத்திய கூரைகள் விரைவில் மஞ்சளித்துப்போனதைப் பார்த்திருக்கிறேன். தகட்டின் உட்குழாய்கள் சரிவை ஒட்டியே இறங்க வேண்டும். குறுக்கே வைத்தால் நீர் தேங்கிப் பாசி படரும். 6 மீட்டர் நீளத் தகடு, 40 பாகை வெப்ப வேறுபாட்டில் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு நீளும் என்பதால், திருகு செல்லும் துளை திருகைவிடப் பெரிதாக இருப்பது அவசியம்.

தாள் வாங்கும்போது எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று மட்டும் கேட்காமல், எந்த அளவு கந்தகம் வரை அந்த உத்தரவாதம் செல்லும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பொருத்திய நாளிலிருந்தே மருந்து அடித்த கணக்கையும் அந்த ரசீதோடு சேர்த்து வைத்திருங்கள்.