களரியில் சேர்க்கும் முன்: வடக்கனா, தெக்கனா?

"பையன் மூணு வருஷமா சிலம்பம் சுத்துறான். அடுத்து களரியில சேர்க்கலாமா?" சேலத்தில் விளையாட்டுக் காயங்களுக்கு பிசியோதெரபி பார்க்கும் எங்களிடம் பெற்றோர் கேட்கும் கேள்வி இது. தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் சேர்ப்பதற்கு முன் எந்தக் களரி என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். களரிப்பயிற்று என்ற ஒரே பெயருக்குள் வடக்கன், தெக்கன், இரண்டுக்கும் இடையில் மத்திய முறை என மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றும் உடம்பின் வேறு வேறு இடத்தில் பாடத்தைத் தொடங்குகின்றன. காயமும் அதற்கேற்ப வேறு வேறு இடத்தில் வருகிறது.

வடக்கன் முறை மலபாருக்கு உரியது. கண்ணூர், கோழிக்கோடு, வடகரை பக்கம். சொல்லிக்கொடுப்பவர் குருக்கள். 2017-ல் பத்மஸ்ரீ பெற்ற மீனாட்சியம்மா வடகரையில் கற்பிப்பது இந்த முறையைத்தான். பயிலும் இடமே தனி. தரையை ஏறக்குறைய நாலடி தோண்டி, 42 அடி நீளம், 21 அடி அகலத்தில் அமைத்த குழிக்களரி; மேலே கூரை, கீழே திமிசு போட்டு இறுக்கிய மண். தென்மேற்கு மூலையில் ஏழு படி கொண்ட பூத்தறை என்ற வழிபாட்டு மேடை. குழிக்குள் காற்று நேராக அடிக்காது. எண்ணெய் பூசி வியர்த்த உடம்பு சட்டென்று குளிர்ந்து தசை இறுகிவிடாது. எங்கள் தொழில் கண்ணுக்கு அந்தக் குழி அருமையான ஏற்பாடு.

பாடம் நான்கு படிகளாக ஏறும். முதலில் மெய்த்தாரி, உடம்பைப் பழக்குவது. அடுத்து கோல்த்தாரி, மரக் கருவிகள். பிறகு அங்கத்தாரி, வாள், பரிசை (கேடயம்), உறுமி என்ற சுருள்வாள் போன்ற இரும்புக் கருவிகள். வெறுங்கை கடைசியில்தான். கராத்தே பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வரிசை தலைகீழாகத் தெரியும். ஆனால் காலும் இடுப்பும் முதுகும் திறந்த பிறகே கையில் கருவி என்பதுதான் இதன் கணக்கு. நேர்க்கால் என்ற உதையில் முழங்கால் மடங்காமல், தலைக்கு மேல் நீட்டிய உள்ளங்கையில் பாதம் படும்படி காலை வீச வேண்டும். இருத்திக்கால் என்ற உதையில் உதைத்த வேகத்தோடு முழுதாகக் குந்தி எழ வேண்டும். இவற்றோடு யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, பூனை, மயில், சேவல் என எட்டு வடிவுகள், அதாவது அவற்றைப் போன்ற உடல் நிலைகள். சில களரிகளில் இந்தப் பட்டியல் மாறும். மீனும் அதில் வரும்.

சிலம்பம் பழகிய பிள்ளைக்குச் சிக்கல் இங்கேதான். சிலம்பத்தில் கால் வேகமாக இடம் மாறும், ஆனால் இடுப்புக்கு மேலே எழும்புவது குறைவு. உழைப்பு பெரும்பாலும் மணிக்கட்டுக்கும் தோளுக்கும். கை அவ்வளவு தேர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இவனுக்கு அடிப்படை இருக்கு" என்று மெய்த்தாரியை மூன்று மாதத்தில் ஓட்டிவிடுவார்கள். தொடைப் பின்தசைக்கு அந்த அடிப்படை கிடையாது.

13 முதல் 17 வயது வரை கூடுதல் கவனம் தேவை. எலும்பு முந்தி வளர்ந்து, தசை பின்னால் ஓடி வரும் வயது இது. தொடைப் பின்தசை, நாம் உட்காரும் எலும்பில் போய்ப் பிடிக்கும். அந்த இடம் இந்த வயதில் இன்னும் முற்றாத குருத்தெலும்பாகத்தான் இருக்கும். வளர்ந்தவருக்குத் தசை கிழியும் அதே இழுப்பில், இவர்களுக்குக் குருத்தோடு எலும்புத் துண்டு பிய்ந்து வரலாம். உயர உதைக்கும்போது 'டப்' என்று ஒரு சத்தம், பிட்டத்தின் அடியில் சுருக்கென்ற வலி, அதன்பின் பெஞ்சில் உட்கார முடியாமை. இந்த மூன்றும் சேர்ந்தால் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். அன்றைக்கே எக்ஸ்ரே எடுங்கள்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய சோதனைகள் இரண்டு. பாயில் மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். ஒரு கால் தரையில் நீட்டியபடி இருக்க, மற்றதை முழங்கால் மடக்காமல் தானாக உயர்த்தட்டும். 70 டிகிரிக்குக் கீழே நின்றுவிட்டால் உதையை இடுப்பு உயரத்தோடு நிறுத்தச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். இரண்டு காலுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தால், இறுகிய காலுக்கு ஏற்றபடிதான் பயிற்சி. அடுத்தது கணுக்கால். சுவரைப் பார்த்து நின்று, பெருவிரலுக்கும் சுவருக்கும் 10 செ.மீ. இடைவெளி விட்டு, குதிகால் தூக்காமல் முழங்காலைச் சுவரில் தொட முடிகிறதா என்று பாருங்கள். முடியாத பிள்ளை இருத்திக்காலில் குந்தும்போது குதிகாலைத் தூக்கும். முழங்கால் உள்பக்கம் சாயும். முட்டிச்சில்லில் வலி தொடங்கும். கணுக்காலில் இருக்கும் இறுக்கத்துக்கு முட்டியில் தைலம் தேய்த்து என்ன பயன்?

முதுகைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின்னால் வளைவதை நிறையச் செய்யும் வளரிளம் பிள்ளைகளுக்கு, கீழ்முதுகு எலும்பின் பின்பகுதியில் மெல்லிய விரிசல் விழுவது உண்டு. பின்னால் சாயும்போது இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் வலித்து, மூன்று வாரமாகியும் போகவில்லை என்றால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வளைவதை நிறுத்தினால் பெரும்பாலும் ஆறும். வலியோடு வளைந்துகொண்டே இருந்தால் ஆறாது.

தெக்கன் முறை பழைய திருவிதாங்கூர் நாட்டைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு இணைந்த கன்னியாகுமரி மாவட்டமும் அதில் அடக்கம். அங்கே அடிமுறை என்பார்கள். சொல்லிக்கொடுப்பவர் ஆசான்; அகத்தியரை முதல் குருவாக வைத்த வழி. உடம்பின் உயிர்நிலைப் புள்ளிகளைச் சொல்லும் வர்ம ஏடுகள் தமிழில் இருப்பதால் சேலத்துப் பிள்ளைக்குச் சுவடு (கால்வைப்பு), அடி, வெட்டு, தடை என்று எல்லாம் புரிகிற மொழியிலேயே காதில் விழும். வெறுங்கைதான் முதல் பாடம். ஒற்றைச்சுவடில் தொடங்கி, நாலு திசையும் திரும்பித் திரும்பி அடியும் தடையும் பழக வேண்டும். உதை உண்டு, ஆனால் தலைக்கு மேல் போகாது. நிலை உறுதியாக இருக்கும், கை அதிகம் பேசும். குழி தேவையில்லை, திறந்த வெளியே போதும். நெடுவடி என்ற நீளக் கம்பும் குறுவடி என்ற குட்டைக் கம்பும் பிறகு வரும்.

சிலம்பம் கற்ற பிள்ளைக்கு அருகில் இருக்கும் வாசல் தெக்கன்தான் என்பது எங்கள் கருத்து. சுவடு என்ற சொல்லும் பழகியது, கால் நகர்த்தும் பழக்கமும் ஏற்கெனவே இருக்கிறது. வடக்கன் அழகாக இருக்கிறது என்பதற்காக 15 வயதில் அதற்குள் அவசரமாகத் தள்ளுவதைவிட இது உடம்புக்கு நல்லது. வடக்கன்தான் வேண்டும் என்றால் ஏழெட்டு வயதிலேயே தொடங்குவது நல்லது. மரபும் அந்த வயதைத்தான் சொல்கிறது.

தெக்கனுக்கும் தன் காயம் உண்டு. காலை அழுத்தி ஊன்றும் முறை மண்ணுக்காக உண்டானது. அதைச் சேலத்தில் மொட்டைமாடி சிமெண்ட் தரையில் தினம் ஒரு மணி நேரம் செய்தால் 8 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குக் குதிகால் குருத்தில் வலி வரும். குதிகாலை இருபக்கமும் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். அங்கே துடித்தால் அதுதான். முழு ஓய்வு தேவையில்லை. ஊன்றி மிதிப்பதை மட்டும் சில வாரம் நிறுத்தி, கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சியைக் காலையும் மாலையும் 30 விநாடி வீதம் மூன்று முறை செய்தால் போதும். வலித்த காலால் நொண்டி ஆடிப் பார்த்து வலியில்லை என்றால் திரும்பலாம். முன்கையோடு முன்கை மோதும் தடைப் பயிற்சியில் கன்றிப்போவது சாதாரணம். ஆனால் விரலால் ஒரே ஒரு புள்ளியை அழுத்தும்போது எலும்பு வலித்தால் அது வேறு விஷயம். அதற்கும் எக்ஸ்ரே வேண்டும்.

மத்திய முறை திருச்சூர், மலப்புரம், பாலக்காடு பக்கம். தரையில் களம் வரைந்து, அந்தக் கோட்டின் மேல் கால் வைத்துப் பழகுவது இதன் அடையாளம். கோவையைத் தாண்டினால் பாலக்காடு என்பதால் நமக்கு மிகப் பக்கத்தில் இருப்பதும் இதுதான்.

கம்பு விஷயத்தில் பெற்றோர் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வடக்கனில் கெட்டுகாரி என்ற நீளக்கோல் உண்டு, மரபுக் கணக்கில் 12 சாண். நம் சிலம்பக் கம்பு நெற்றி உயரம், வளர்ந்தவருக்கு ஐந்தரை அடி. பார்வைக்கு இரண்டும் ஒரே குடும்பம். பழகும் விதம் வேறு. சிலம்பம் தனியாகச் சுழற்றுவதில் தொடங்கும். கெட்டுகாரியில் இருவர் எதிரெதிரே நின்று, குருக்கள் வாய்த்தாரி என்ற வாய்க் கட்டளைகளைச் சொல்லச் சொல்ல, வரிசை தவறாமல் அடியும் தடையும் மாற்றிக்கொள்வார்கள். சுழற்றிப் பழகிய கை, கம்பு திரும்பும் கணத்தில் பிடியைத் தானாகவே தளர்த்தும். தனியாக ஆடும்போது அது தேர்ச்சி. எதிரே ஒருவர் அடிக்கும்போது தளர்ந்த பிடியில் கம்பு புரண்டு கட்டைவிரலைப் பின்னுக்கு வளைக்கும். கட்டைவிரல் அடியில் வீங்கி, சாவியைக்கூட இறுக்கிப் பிடிக்க முடியாவிட்டால் தசைநார் அறுந்திருக்கலாம். தள்ளிப்போட வேண்டாம். சிலம்பத்தில் எத்தனை பதக்கம் வாங்கியிருந்தாலும், கெட்டுகாரியில் முதல் மாதம் பாதி வேகத்தில்தான் பழக வேண்டும்.

2020-ல் களரிப்பயிற்றை கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சேர்த்தார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. மகிழ்ச்சிதான். கூடவே அவசரமும் வந்திருக்கிறது. களரிப் போட்டிகளில் சவிட்டிப்பொங்கல் என்ற பிரிவு உண்டு. தொங்கும் இலக்கைத் தாவி உதைப்பது. உதைப்பதைவிட ஆபத்து தரையில் இறங்குவதில். ஒற்றைக் காலில் முழங்கால் உள்சாய்ந்தபடி இறங்கினால் முட்டிக்குள் இருக்கும் தசைநார் அறுகிறது. சத்தம் கேட்டு, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முட்டி பந்து போல வீங்கினால் அதைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு படிக்கட்டு உயரத்திலிருந்து ஒற்றைக் காலில் குதித்து, முழங்கால் அசையாமல் மூன்று விநாடி நிற்கத் தெரியாத பிள்ளை இலக்குக்குத் தாவக் கூடாது.

இடத்தையும் பாருங்கள். டைல்ஸ் தரையில் எண்ணெய் தேய்த்த காலோடு பயிற்சி வேண்டவே வேண்டாம். மண் இல்லாவிட்டால் 20 முதல் 25 மி.மீ. தடிமனுள்ள அழுத்தமான மேட் போதும். அதைவிட மெத்தென்று இருந்தால் பாதம் புதைந்து, திரும்பும்போது முட்டி முறுக்கிக்கொள்ளும். ஏற்காட்டில் இரண்டு நாள் முகாம் என்று அழைத்தால் போகலாம். ஆனால் அது சுமார் 1,500 மீட்டர் உயரம். கீழே 10 நிமிடத்தில் சூடேறும் உடம்புக்கு அங்கே மார்கழிக் காலையில் 20 நிமிடம் வேண்டும். பனி நனைத்த புல்லில் உயர உதை கூடாது. இரண்டு நாளில் மெய்த்தாரி கற்றுத்தருகிறோம் என்று சொல்லும் முகாமுக்கு மட்டும் அனுப்பாதீர்கள்.

வர்மம் பற்றி: மரபில் வர்மப் புள்ளிகள் 108, அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. அதைப் பல ஆண்டு கூட இருந்த சீடனுக்குத்தான் ஆசான் சொல்லுவார். வீடியோ பார்த்து நண்பன் கழுத்திலும் பொட்டிலும் நெஞ்சிலும் குத்திப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. நெஞ்சில் பட்ட ஓர் அடி, துடிப்பின் ஒரு குறிப்பிட்ட கணத்தில் விழுந்தால் இளம் இதயமும் நின்றுபோகலாம். அரிது, ஆனால் நடக்கும். அடிபட்டவன் சாய்ந்து, மூச்சு இல்லாமல் கிடந்தால் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஒருவர் 108 ஆம்புலன்ஸை அழைக்க, மற்றவர் நெஞ்சு நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்க வேண்டும்.

உழிச்சல் என்ற எண்ணெய் நீவல் மரபின் நல்ல பகுதி. உடம்பைத் தயார் செய்ய ஆடி மாதத்தில் செய்வார்கள். புதுக் காயத்துக்கு அது மருந்தாகாது. தசை கிழிந்த முதல் மூன்று நாள் அந்த இடத்தில் நீவலோ காலால் மிதிப்போ கூடாது. தொடையில் பலமாக அடிபட்டு ரத்தம் கட்டியிருக்கும்போது அழுத்தித் தேய்த்தால், அந்தத் தசைக்குள்ளேயே எலும்பு படிந்து, முழங்கால் மாதக்கணக்கில் மடங்காமல் போகலாம். முதல் மூன்று நாள் துணியில் சுற்றிய ஐஸ் ஒரு தடவைக்கு 15 நிமிடம், வலிக்காத அளவுக்கு மெல்ல மடக்கி நீட்டுவது, இவ்வளவே. அதன்பிறகு நீவலாமா என்பதைக் காயத்தைப் பார்த்தவர் சொல்லட்டும்.