மின்கித்தாரை மின்னணுக் கித்தார் என்று எழுதலாகாது

1965ஆம் ஆண்டு நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் ‘மின்னணு இசைக்கு மாறினார்’ என்று ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையில் அண்மையில் படித்தேன். முந்தைய ஆண்டுகளில் அதே மேடையில் மின்சாரமில்லாத மரக் கித்தாரோடு பாடியவர், அந்த ஆண்டு எலக்ட்ரிக் கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு குழுவோடு பாடினார்; நடந்தது அவ்வளவே. மின்னணு இசை என்பது ஒலியை மின்சுற்றே ஆக்கும் வேறொரு வகை. எலக்ட்ரிக் கித்தாருக்கு ‘மின்னணுக் கித்தார்’ என்ற பெயரை விளம்பரங்களிலும் செய்திகளிலும் தொடர்ந்து பார்த்துவருவதால், அது ஏன் பிழை என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சொற்பிறப்பில் சிக்கல் ஏதுமில்லை. கித்தார் ஸ்பானிய மொழி வழியாக வந்த பெயர். அதன் வேர் ‘கித்தாரா’ என்னும் கிரேக்க இசைக்கருவியின் பெயர். எலக்ட்ரிக் என்பதன் மூலச்சொல்லை 1600இல் வில்லியம் கில்பர்ட் அம்பர் என்னும் புதைபடிவ மரப்பிசினின் கிரேக்கப் பெயரிலிருந்து ஆக்கினார். தேய்த்த அம்பர் துரும்பை இழுக்கும் அல்லவா, அதைக் குறிக்க. தமிழில் மின்னலைக் குறித்த ‘மின்’ என்ற பழஞ்சொல்லே அதற்குப் பொருத்தமாக அமைந்தது. மின்கம்பி, மின்கலம், மின்விசிறி என்று அது வேரூன்றியும் விட்டது. எலக்ட்ரானிக் என்பது வேறு சொல். வால்வு என்னும் வெற்றிடக் குழாய், டிரான்சிஸ்டர் போன்றவற்றில் எலக்ட்ரான்களின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தி வேலை வாங்கும் சுற்றுகளைக் குறிப்பது அது. அதற்குத் தமிழ்நாட்டில் ‘மின்னணு’ என்கிறோம்; இலங்கையில் ‘இலத்திரனியல்’ என்பர். மின்விசிறியை மின்னணு விசிறி என்று எவரும் எழுதுவதில்லை. கித்தாருக்கு மட்டும் ஏன் இந்தக் கூடுதல் ‘அணு’?

கருவி பிறந்த கதையே விடை தரும். 1920களில் அமெரிக்க நடன இசைக்குழுக்களில் ஊதுகருவிகளின் முழக்கத்துக்கு நடுவே கித்தாரின் ஒலி எடுபடவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த ஜார்ஜ் போஷாம், காந்தத்தையும் கம்பிச்சுருளையும் கொண்ட ‘பிக்கப்’ ஒன்றை அமைத்தார். அடால்ஃப் ரிக்கன்பேக்கருடன் சேர்ந்து அவர் செய்த அலுமினியக் கித்தார் 1932இல் விற்பனைக்கு வந்தது. அதன் வடிவத்தைப் பார்த்து ‘வாணலி’ என்றே பெயரிட்டு அழைத்தார்கள். காந்தப்புலத்துக்குள் எஃகுத் தந்தி அதிரும்போது புலம் மாறுகிறது. அந்த மாற்றம் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. மைக்கேல் ஃபாரடே 1831இலேயே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. இதற்கு வால்வும் வேண்டாம், டிரான்சிஸ்டரும் வேண்டாம். நைலான் நரம்பைக் கட்டினால் இந்தப் பிக்கப் அதை உணராது. எஃகுத் தந்தியின் அதிர்வே இங்கு எல்லாவற்றுக்கும் முதல்.

‘ஆம்ப்ளிஃபயர் மின்னணுக் கருவிதானே, அது இல்லாமல் கித்தார் கேட்காதே’ என்பது எதிர்த்தரப்பினர் கூறும் வலுவான வாதம். ஆம்ப்ளிஃபயர் மின்னணுக் கருவி என்பது உண்மையே. ஆனால் அது வேறு பெட்டி. மைக் வைத்துப் பெருக்கியதனால் ஒரு வீணை மின்னணு வீணை ஆகிவிடுவதில்லை. நம் கச்சேரி மேடையையே பார்க்கலாம். எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டியில் தந்தியோ உலோக நாக்கோ அதிர்வதில்லை, ஒலியைச் சுற்றே ஆக்குகிறது. அதை மின்னணுச் சுருதிப்பெட்டி என்பது முற்றிலும் சரி. யூ. ஸ்ரீநிவாஸ் வாசித்த மாண்டலினோ மின்மாண்டலின். அங்கே விரல் தந்தியை அசைத்தால்தான் கமகம். இந்த இரண்டுக்கும் ஒரே அடைமொழியைப் போட்டால், கலைஞரின் விரலுக்கும் பொறியின் சுற்றுக்கும் இடையே உள்ள வேறுபாடு சொல்லிலேயே அழிந்துவிடும்.

வெகுசன இசையில் இந்தக் கருவி உண்டாக்கிய மாற்றமும் அந்தத் தந்தியைப் பற்றியதே. 1939இல் பென்னி குட்மனின் ஜாஸ் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன், அதுவரை பெரும்பாலும் தாளத்துக்குத் துணைநின்ற கித்தாரைச் சாக்ஸபோனுக்கு இணையாகத் தனி இசை வாசிக்க வைத்தார்; 25 வயதில் இறந்தவர், அதற்குள் சாதித்தது அது. சிகாகோவில் மடி வாட்டர்ஸ் மிசிசிப்பிக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையை மின்கித்தாருக்குக் கொண்டுவந்தார். 1950இல் லியோ ஃபெண்டர் உள்ளீடற்ற கூட்டை விட்டுவிட்டு முழு மரப்பலகையில் செய்த கித்தாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ராக் இசை அதன்மேல்தான் வளர்ந்தது. 1969இல் உட்ஸ்டாக்கில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அமெரிக்க நாட்டுப்பண்ணை அலற வைத்தபோது, ஒலிபெருக்கியின் ஓசையே திரும்பி வந்து தந்தியை அதிர வைத்தது, அதைப் பிக்கப் மீண்டும் அனுப்பியது. ஏறக்குறைய அதே காலத்தில் சுற்றுகளாலேயே ஒலியை ஆக்கும் ராபர்ட் மூகின் சிந்தசைசர் வழியாக உண்மையான மின்னணு இசையும் மக்களிடம் பரவத் தொடங்கியது. இரண்டையும் ‘மின்னணு’ என்று எழுதுகிறவர் அந்தப் பத்தாண்டுகளின் வரலாற்றை எப்படித் தமிழில் சொல்லப்போகிறார் என்பது எனக்கு விளங்கவில்லை.

தூய தமிழ் வேண்டும் என்போர் ‘மின்யாழ்’ என்கிறார்கள். அவர்களுடைய அக்கறையை மதிக்கிறேன், சொல்லை ஏற்க முடியவில்லை. யாழில் மெட்டு (தந்தியை அழுத்துவதற்கான குறுக்குக் கட்டை) இல்லை, சுரத்துக்கொரு நரம்பு. கித்தாரில் மெட்டுகளின் மேல் தந்தியை அழுத்தித்தான் சுரம் பிறக்கிறது. கிரேக்கக் கித்தாரா யாழுக்கு நெருங்கிய கருவிதான், ஆனால் இன்றைய கித்தாருக்கு வந்து சேர்ந்தது அதன் பெயர் மட்டுமே. கருவி மாறிய பின்பும் பழைய உறவைச் சொல்லிப் பெயர் சூட்டினால், யாழ் என்ற நம் சொல்லின் பொருள்தான் கலங்கும்.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு சொற்களை ஒன்றென்று எண்ணிவிடுவதும், நீளமான சொல் அறிவியல் மணம் தரும் என்று நம்புவதும்தான் இந்தப் பிழை பெருகக் காரணம் என்று கருதுகிறேன். எழுத்திலும் கவனம் வேண்டும். ‘கிதார்’ என்று எழுதினால் ‘விதை’யில் வருவதுபோல் தகரம் மெலிந்து ஒலிக்கும், ‘வித்தை’யில் வரும் வல்லோசையே மூலத்துக்கு நெருக்கம். ஆகவே கித்தார், மின்கித்தார். தாழ்சுரத் தந்திகள் பூட்டியது பாஸ் மின்கித்தார். நியூபோர்ட்டில் டிலன் கையிலெடுத்தது மின்கித்தார்.