வாய்தா

"அடுத்த வாய்தா எப்போது?" ஆந்திராவில் தமிழக எல்லையை ஒட்டிய புத்தூர், நகரிப் பக்கத்தில் அரசிடம் நிலத்தைப் பறிகொடுத்த வீடுகளில் நலம் விசாரிக்கும் முன்பே எழும் கேள்வி இது. சாலைக்காக மாந்தோப்பை இழந்த என் பெரியப்பா, இழப்பீட்டு வழக்கின் வாய்தா நாள்களைக் காலண்டரில் வட்டமிட்டு வைப்பார். காலண்டர்கள் மாறின, வழக்கு முடியும் முன்பே அவர் போய்விட்டார்.

'வாய் தா' என்று பிரித்து இதைத் தமிழ்ச்சொல்லாகக் கருதுவோர் உண்டு. அது பொருந்தாது. வாக்குறுதியைக் குறிக்கும் அரபுச் சொல் உருது வழியாகத் தெற்கே வந்தது. இந்தியில் உறுதிமொழியைக் குறிக்கும் 'வாதா'வும் அதே வேரில் கிளைத்ததுதான். இன்ன நாளில் தருகிறேன் என்ற வாக்கு, நாளடைவில் அந்த நாளுக்கே பெயராகிவிட்டது.

எங்கள் எல்லைப்புறத்தில் தெலுங்கு 'வாயிதா'வும் ஓயாமல் காதில் விழும். கடன் தவணையும் வாயிதா, வழக்கு தள்ளிப்போவதும் வாயிதா. தமிழிலும் நிலவரித் தவணைக்கு வாய்தா என்ற பெயர் வழங்கியது. இந்த இரட்டைப் பொருளை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. குடியானவர் அரசுக்குக் கட்டவேண்டிய வாய்தா தவறினால் ஜப்தி. அரசு அவருக்குக் கொடுக்கவேண்டிய பணத்துக்கு வாய்தா என்றால் இன்னொரு தேதி, அவ்வளவுதான்.

சட்டத்தில் வரம்பு இல்லாமல் இல்லை. உரிமையியல் வழக்கு விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா தரக்கூடாது என்ற விதி 2002 முதல் நடப்பில் இருக்கிறது. தவிர்க்க முடியாத சூழலில் தளர்த்தலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இமாச்சலப் பிரதேசத்தில் 1967-68இல் சாலைக்கு நிலத்தை எடுத்துக்கொண்டு ஒரு பெண்ணுக்கு இழப்பீடே தரவில்லை. அவர் வழக்குத் தொடுத்தபோது, காலம் கடந்து வந்திருக்கிறார் என்று வாதிட்டது அரசுதான்! உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல் 2020இல் இழப்பீடு தர உத்தரவிட்டபோது அவருக்கு வயது ஏறத்தாழ எண்பது.

தமிழில் பணத்துக்குத் தவணை, வழக்குக்கு ஒத்திவைப்பு, அழைத்த தேதிக்கு விசாரணை நாள் என்று பிரித்துச் சொல்லலாம். இவற்றில் ஒத்திவைப்பையே நான் வலியுறுத்துவேன். 'வாய்தா விழுந்தது' என்னும்போது அது மழைபோல் தானாக விழுந்ததாகிவிடுகிறது. 'ஒத்திவைத்தார்கள்' என்றால் யார், எதற்காக என்று அடுத்த கேள்வி வரும். செய்தி எழுதுவோர் 'மீண்டும் வாய்தா' என்று முடித்துவிடாமல், 'அரசுத் தரப்பு கேட்டதால் நீதிமன்றம் ஏழாவது முறையாக ஒத்திவைத்தது' என்று எண்ணிக்கையோடு எழுதட்டும்.