பேஸுக்கு ஏன் பீரோ அளவு பெட்டி?

ஜமைக்காவின் கிங்ஸ்டனில், 1940களின் கடைசியிலும் 50களிலும், பேண்டு வைத்து ஆட எல்லாரிடமும் காசு இல்லை. ஒரு ரிக்கார்டு பிளேயர், வால்வு ஆம்ப்ளிஃபையர், அடுக்கிவைத்த ஸ்பீக்கர் பெட்டிகள். இவ்வளவும் சேர்ந்ததுதான் 'சவுண்ட் சிஸ்டம்'. ஆரம்பகால ஆம்ப்ளிஃபையர்களைச் செய்தவர்களில் ஹெட்லி ஜோன்ஸ் முக்கியமானவர். போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையில் ரேடார் வேலை பார்த்தவர். கடல் கடந்து போன ஜமைக்காக்காரர்கள் இந்தப் பழக்கத்தை லண்டனுக்கும் கொண்டுபோனார்கள். அங்கே இந்த சவுண்ட் சிஸ்டங்களைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் பிளைவுட்டை அறுத்துத் தாங்களே பெட்டி செய்யத் தொடங்கினார்கள். பீரோ அளவுப் பெட்டிகள்!

அவ்வளவு பெரிது ஏன்? ஒரு ஸ்பீக்கரைப் பெட்டியிலிருந்து கழற்றிப் பாடவிடுங்கள், பேஸ், அதாவது தாழ்ந்த சுரங்களின் ஒலி, காணாமல் போய்விடும். ஸ்பீக்கரில் அதிரும் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும் அதே நொடியில் பின்னால் காற்று இழுபடுகிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். அவ்வளவு நீள அலைக்கு 18 அங்குல ஸ்பீக்கரின் விளிம்பு ஒரு தடையே இல்லை. பின்பக்க அலை சுலபமாகச் சுற்றிவந்து முன்பக்க அலையை அழித்துவிடும். அதைத் தடுப்பதுதான் பெட்டியின் முதல் வேலை.

'ஸ்கூப்' என்ற வகைப் பெட்டி இன்னும் கெட்டிக்காரத்தனமானது. பின்பக்க அலையை அடைத்துவைக்காமல், உள்ளே மடித்துப் போகப்போக விரியும் ஒரு பாதை வழியாக முன்னால் கொண்டுவருகிறது. அந்த நீளத்தைக் கடக்கும் தாமதத்தால், தேவையான பேஸ் சுரங்களில் இரண்டு அலைகளும் ஒத்துப்போய்ச் சத்தம் கூடுகிறது. அவ்வளவு நீளப் பாதையை மடித்துவைக்கத்தான் பீரோ அளவு பெட்டி.

அப்புறம், அடுக்குவது. அதே அளவு சத்தம் வேண்டுமென்றால், சுரம் ஒரு ஸ்தாயி இறங்கும்போது கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். ஒற்றை ஸ்பீக்கர் சீக்கிரமே திணறிவிடும். அலைநீளத்தோடு ஒப்பிட்டால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பெட்டிகள் ஒன்றாகவே காற்றைத் தள்ளுகின்றன. மின்சாரம் இரட்டிப்பு, எதிரே நிற்பவருக்குக் கிடைக்கும் ஒலிச்செறிவு நான்கு மடங்கு. கடையில் இப்படி ஒரு தள்ளுபடி எங்கே கிடைக்கும்?

இன்னொரு உத்தி கிராஸ்ஓவர். பேஸ், நடு, உச்சம் என்று ஒலியைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி ஆம்ப்ளிஃபையர் கொடுத்தால், பேஸ் எவ்வளவு முட்டினாலும் பாடகர் குரல் கரகரக்காது. பழுதுபார்க்கும் மெக்கானிக்காக இருந்த ஜமைக்காவின் கிங் டப்பி போன்றவர்களின் கைவண்ணம் இதில்தான் தெரிந்தது. பிரித்துவைத்ததால் இயக்குபவர் பாட்டின் நடுவில் பேஸை மட்டும் அணைத்துவிட்டு, ஆட்டக்காரர்களைக் காக்கவைத்துத் திரும்பத் திறக்கலாம்.

பக்கத்து வீட்டுக்காரர் கதைதான் பாவம். உச்ச ஒலியைச் சுவர் பெரும்பாலும் மறித்துவிடும், பேஸ் சுலபமாகப் புகுந்துவிடும். அவருக்குப் பாட்டு கேட்காது, இடி மட்டும் கேட்கும்.