ஐந்து வருடக் கதையும் முதல் வருடக் கால்ஷீட்டும்

தொடர்களுக்குத் திரைக்கதை எழுதுவதும் மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்ப்பதும்தான் என் வேலை. கதை விவாதத்துக்கு வரும் இளைஞர்கள் பலர் இப்போது அறிவியல் புனைவோடு வருகிறார்கள். விண்கலம், காலப்பயணம், வேற்றுக்கிரகப் போர் என்று கையில் தடியான ஒரு ஃபைல் இருக்கும். ஐந்து சீசனுக்கும் எபிசோட் வாரியாகக் கதை, யார் எந்த எபிசோடில் சாகிறார் என்பது வரை அதில் எழுதியிருப்பார்கள். உழைப்பைக் குறை சொல்லவே முடியாது. ஆனால் "உங்க ஹீரோ ரெண்டாவது சீசனுக்கு வரலன்னா?" என்று கேட்டால், "வேற ஆளப் போட்டுக்கலாம் சார்" என்ற பதில்தான் வரும்.

நம் ஊர் சீரியலில் அது நடக்கும். "இவருக்குப் பதில் இனி இவர்" என்று கீழே ஒரு வரி ஓடும், மறுநாள் புதிய முகம் அதே புடவையில் அதே சமையலறையில் நிற்கும். நாமும் ஏற்றுக்கொள்வோம். ஒரே மர்மத்தை ஐந்து வருடம் அவிழ்க்கப்போகும் கதையில் அந்த ஒரு வரி எடுபடாது. பார்ப்பவர் ஒவ்வொரு பார்வையையும் குறிப்பாக எடுத்துக்கொள்வார். முகம் மாறினால் அதற்கும் கதைக்குள் ஒரு காரணம் தேடுவார்.

அதனால் இந்தப் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது 'பாபிலோன் 5' பற்றித்தான். பல கிரக இனங்களின் தூதர்கள் கூடும் ஒரு விண்வெளி நிலையத்தில் நடக்கும் அமெரிக்கத் தொடர். ஐந்து சீசன், மொத்தம் 110 எபிசோட், அதில் 92-ஐ ஒரே மனிதர் எழுதினார்: ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி. தொடருக்கு முன்னோட்டமாக எடுத்த பைலட் படம் 1993 பிப்ரவரியில் வந்தது, தொடர் 1994 ஜனவரியில் தொடங்கி 1998 நவம்பரில் முடிந்தது. ஆரம்பம், நடு, முடிவு என ஐந்து வருட நாவலாகத் திட்டமிட்ட தொடர் என்று அன்றே சொல்லிக்கொண்டுதான் தொடங்கினார்கள். வாரம் ஒரு கதை, அடுத்த வாரம் எல்லாம் பழையபடி என்று அங்கே அறிவியல் தொடர்கள் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. ஆக, திட்டம் என்றால் இதைவிடப் பெரிய திட்டம் கிடையாது. திரைக்கு வந்தபோது அதில் என்னென்ன உடைந்தது என்று பாருங்கள்.

பைலட்டிலேயே ஆரம்பித்துவிட்டது. மின்பாரி இனத் தூதர் டெலென் முதலில் ஆணாக இருந்து, பின்னால் உருமாறிப் பெண்ணாக வேண்டும் என்பது யோசனை. நடித்தவர் மீரா ஃபுர்லான் என்ற நடிகை. குரலை மட்டும் கருவியால் மாற்றி ஆண் குரலாக்கலாம் என்று நினைத்தார்கள். மாற்றிக் கேட்டதில் திருப்தி இல்லை, கைவிட்டார்கள். பைலட்டில் அவருடைய மேக்கப் கொஞ்சம் ஆண்சாயலாக இருப்பதற்கு இதுதான் காரணம். உருமாற்றத்தை மட்டும் விடவில்லை. இரண்டாம் சீசனில் டெலென் பாதி மனிதப் பெண்ணாகி வருவார். எது மாறுகிறது என்பது கைவிட்டுப் போனது, மாறுகிறார் என்பது நிலைத்தது.

பைலட்டில் துணைத் தளபதியாக வந்தவர் டகாஷிமா. பின்னால் துரோகியாக வெளிப்பட வேண்டிய பாத்திரம். அவர் தொடருக்கு வரவில்லை. அந்த நாற்காலியில் இவானோவா வந்தார், ஆனால் துரோகத்தை அவர் தலையில் கட்டவில்லை. பாதுகாப்பு அதிகாரி கேரிபால்டியின் உதவியாளனிடம் அது போனது. முதல் சீசனின் கடைசி எபிசோடில் கேரிபால்டியை முதுகில் சுடுவது அவன்தான். மனதைப் படிக்கும் லைட்டாவும் பைலட்டோடு காணாமல் போனார், பதிலுக்கு டாலியா வந்தார். இரண்டாம் சீசனில் டாலியாவாக நடித்தவரும் விலகினார். அப்போது அழைத்து வந்தது யாரை? பழைய லைட்டாவையே. டாலியாவுக்குள் அவருக்கே தெரியாத ஓர் உளவாளி ஒளிந்திருப்பதை அம்பலப்படுத்தி, அவரைக் கதையை விட்டு அனுப்புவது லைட்டாதான். ஒருவர் போவதும் இன்னொருவர் வருவதும் ஒரே எபிசோடில் முடிந்தது.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் கதையிலிருந்து வெளியேற ஒரு ரகசியக் கதவு முன்கூட்டியே வைத்திருந்ததாக ஸ்ட்ராசின்ஸ்கி சொல்லியிருக்கிறார். மேலே சொன்னதையெல்லாம் வரிசையாகப் பார்த்தால் அது வெறும் பேச்சு இல்லை என்று தெரியும். பாத்திரத்தையும் பாத்திரம் செய்ய வேண்டிய வேலையையும் அவர் தனித்தனியாக வைத்திருந்தார். துரோகம் நடக்க வேண்டும், அதை யார் செய்தாலும் சரி. எல்லா நூலும் சேரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதல் சீசனில் கோஷ் என்ற தூதர் டாலியாவின் மனதை ரகசியமாகப் பதிவு செய்து வைப்பார். பெரிதாக எதற்கோ என்று நாம் காத்திருப்போம். அது அப்படியே நின்றுபோனது.

இதெல்லாம் சில்லறை. பெரிய அடி நாயகன் விஷயத்தில் விழுந்தது. நிலையத்தின் தளபதி சின்க்ளேராக நடித்தவர் மைக்கேல் ஓ'ஹேர். மின்பாரிகள் பூமியை அழிக்கும் தருவாயில் திடீரென்று சரணடைந்தது ஏன், அன்று சின்க்ளேரின் நினைவிலிருந்து 24 மணி நேரம் அழிந்தது எப்படி என்பதுதான் கதையின் முதல் முடிச்சு. ஐந்து வருடமும் நடுவில் நிற்க வேண்டியவர் அவர். முதல் சீசன் முடிந்ததும் போய்விட்டார். இரண்டாம் சீசனில் ப்ரூஸ் பாக்ஸ்லைட்னர் ஷெரிடன் என்ற வேறு தளபதியாக வந்தார். வரப்போகும் போருக்கு வேறு மாதிரி ஆள் தேவை என்று அப்போது கதைக் காரணம் சொன்னார்கள்.

உண்மைக் காரணம் வெளிவந்தது 2013-ல். ஓ'ஹேர் அதற்கு முந்தைய வருடம் இறந்திருந்தார். முதல் சீசன் படப்பிடிப்பின்போதே அவருக்குக் கடுமையான மனநோய் இருந்தது, இல்லாததை நம்பவைக்கும் மருட்சிகள் வந்தன. சிகிச்சைக்காகப் படப்பிடிப்பைச் சில மாதம் நிறுத்துகிறேன் என்று ஸ்ட்ராசின்ஸ்கி முன்வந்தார். நிறுத்தினால் மற்றவர்களின் பிழைப்பு போகும் என்று ஓ'ஹேர் மறுத்து, சீசனை முடித்துக் கொடுத்தார். விஷயத்தை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று கொடுத்த வாக்கை ஸ்ட்ராசின்ஸ்கி அவர் உயிரோடு இருந்தவரை காப்பாற்றினார். தன் காலத்துக்குப் பிறகு சொல்லலாம் என்று அனுமதி தந்ததும் ஓ'ஹேர்தான்.

விழிப்புணர்வு என்று ஒன்றைச் சொல்வதானால் எனக்கு இந்த இடத்தில்தான் சொல்லத் தோன்றுகிறது. நடிகரோ டெக்னீஷியனோ உடம்பு சரியில்லாமல், மனசு சரியில்லாமல் விலகினால் நம் வட்டாரத்தில் உடனே வதந்தி கிளம்பும். சம்பளத் தகராறு, தலைக்கனம், இயக்குநரோடு சண்டை. நாலு நாளில் யூட்யூபில் தம்ப்நெயிலோடு வந்துவிடும். திரைக்கதை எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது அவர் வரமாட்டார் என்பது மட்டும். காரணத்தைத் துருவாதீர்கள். தெரிந்துவிட்டால் டிஸ்கஷன் ரூமைத் தாண்ட விடாதீர்கள்.

சரி, கதைக்கு வருவோம். சிக்கல் என்னவென்றால், முதல் சீசனிலேயே எதிர்காலக் காட்சி ஒன்றை ஒளிபரப்பிவிட்டார்கள். அதில் சின்க்ளேர் முடி நரைத்து வயதானவராக வருவார். ஒளிபரப்பானதை யாராலும் திரும்ப வாங்க முடியாது. மூன்றாம் சீசனில் ஓ'ஹேரை இரண்டு எபிசோடுக்கு மட்டும் அழைத்தார்கள். காலப்பயணத்தில் சிக்கி உடம்பு மூப்படைகிறது, அதனால் நரை. பிறகு ஆயிரம் வருடம் பின்னால் போகும் சின்க்ளேர்தான் மின்பாரிகள் கும்பிடும் மகான் வாலன் என்று தெரியவருகிறது. ஐந்து வருடத்துக்கு வைத்திருந்த முடிச்சு இரண்டு எபிசோடில் அவிழ்ந்தது. என்னைக் கேட்டால் அந்தத் தொடரின் உச்சம் அதுதான். கட்டாயத்தில் எழுதியது என்று தெரிந்த பிறகும் அந்த எண்ணம் மாறவில்லை.

பழைய தொடர்களிலும் இந்தக் கட்டாயம்தான் நாம் ரசித்த பலவற்றைக் கொடுத்தது. 'ஸ்டார் ட்ரெக்' எழுத்துத் திட்டத்தில் கப்பலின் பெயர் யார்க்டவுன், கேப்டன் பெயர் ராபர்ட் ஏப்ரல். என்பிசி சேனல் முதல் பைலட்டை நிராகரித்து இரண்டாவது கேட்டது, அதில்தான் கேப்டன் கிர்க் வந்தார். வாராவாரம் கப்பலைத் தரையிறக்கிக் காட்டப் பணம் இல்லாததால், ஆளை ஒளியாகக் கரைத்து அனுப்பும் கருவியைக் கண்டுபிடித்தார்கள். நிராகரித்த பைலட்டையும் வீணாக்காமல், 1966-லேயே இரண்டு எபிசோட் கதைக்குள் பழைய நினைவாகச் செருகிவிட்டார்கள். பிரிட்டனின் 'டாக்டர் ஹூ'வில் முதல் டாக்டராக நடித்தவரின் உடல்நலம் குன்றியபோது, டாக்டருக்கு உடம்பே மாறும் என்று எழுதினார்கள். அந்த ஒரு யோசனையில் தொடர் பல பத்தாண்டுகள் ஓடிவிட்டது.

பணமும் சேனலும் செய்யும் மாற்றம் வேறு ரகம். அங்கே எழுத்தாளரின் சாமர்த்தியம் பாதி தூரம்தான் போகும். 'பாபிலோன் 5'-ஐ ஒளிபரப்பிய சேனல்களின் கூட்டமைப்பு நான்காம் சீசன் சமயத்தில் கலைந்துகொண்டிருந்தது. ஐந்தாவது வருடம் உண்டா இல்லையா தெரியாது. ஸ்ட்ராசின்ஸ்கி பயந்து, பெரிய போரை நான்காம் சீசனின் ஆறாவது எபிசோடிலேயே முடித்தார். பூமியின் உள்நாட்டுப் போரையும் அதே சீசனில் அடைத்தார். முதலில் நினைத்தபடி, ஷெரிடன் சிறையில் விசாரிக்கப்படும் 18-வது எபிசோடோடு அந்த சீசன் முடிந்திருக்க வேண்டும். தொடரின் கடைசி எபிசோடையும் அப்போதே எடுத்து முடித்தார்கள். அப்புறம் டிஎன்டி சேனல் வந்து ஐந்தாவது வருடம் தருகிறேன் என்றது. எடுத்த முடிவைப் பெட்டியில் பூட்டிவிட்டு, வேறு ஓர் எபிசோட் எடுத்து சீசனை மூடினார்கள். கையில் இருந்ததையெல்லாம் முன்பே செலவழித்துவிட்டதால் ஐந்தாம் சீசனின் முதல் பாதி இழுக்கும். ரசிகர்களே ஒப்புக்கொள்வார்கள்.

இதில் இன்னொன்றும் நடந்தது. இவானோவாவாக நடித்த கிளாடியா கிறிஸ்டியன் ஐந்தாம் சீசனுக்கு முன் விலகினார், லாக்லி என்ற புதிய கேப்டன் வந்தார். ஆனால் பெட்டியில் இருந்த கடைசி எபிசோட் ஒரு வருடப் பழையது. அதில் இவானோவா இருக்கிறார், லாக்லி இல்லை.

ஃபைலோடு வருகிறவர்களிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு நான் கேட்பது ஒரு பக்கம்தான். எந்த மூன்று சம்பவங்கள் நடக்காவிட்டால் இந்தக் கதையே இல்லை? அவற்றை வேறு எந்தப் பாத்திரத்திடம் ஒப்படைக்கலாம்? அடுத்த சீசன் கிடைக்காது என்று பாதியில் தெரிந்தால் எந்த எபிசோடில் கௌரவமாக நிறுத்தலாம்? இதற்குப் பதில் எழுதி வந்தவரோடு மணிக்கணக்கில் பேசலாம்.

கடைசியாக ஒன்று, கிராஃபிக்ஸ். அமிகா கணினியில் வீடியோ டோஸ்டர் என்ற கருவியை வைத்துச் செய்த விண்கலக் காட்சிகள் பைலட்டுக்கு, அமெரிக்கத் தொலைக்காட்சிக்குத் தரப்படும் எம்மி விருது வாங்கித் தந்தன. நடிகர்களின் காட்சிகளை எதிர்கால அகலத்திரைக்கும் பொருந்தும்படி படம்பிடித்தவர்கள், கிராஃபிக்ஸை மட்டும் அன்றைய டிவியின் 4:3 அளவில் செய்தார்கள். பிறகு அகலத்திரை டிவிடி வந்தபோது அந்தக் காட்சிகளின் மேலும் கீழும் வெட்டிப் பெரிதாக்க வேண்டியிருந்தது, படம் மங்கியது. கிராஃபிக்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போடும்போது ரெண்டர் செய்த வீடியோ மட்டும் போதும் என்று கையெழுத்து போட்டுவிடாதீர்கள். மாடல், டெக்ஸ்ச்சர், புராஜெக்ட் ஃபைல் எல்லாம் வேலை முடிந்ததும் தயாரிப்பாளர் கைக்கு வர வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். அவை கையில் இருந்தால்தான் பின்னால் வேறு அளவில் அதே காட்சியைத் திரும்பச் செய்ய முடியும்.