நூலகம் அனுப்பும் எஸ்எம்எஸ்: 160 எழுத்து எப்படி 70 ஆகிறது?

"உங்கள் புத்தகத்தை நாளைக்குள் திருப்பித் தரவும்" என்று நூலகத்திலிருந்து வரும் எஸ்எம்எஸ்ஸை யாரும் உட்கார்ந்து தட்டுவதில்லை. கோஹா என்று ஒரு நூலக மென்பொருள் இருக்கிறது. நியூசிலாந்தில் ஹோரோவெனுவா நூலகங்களுக்காக எழுதி 2000 ஜனவரியில் ஓட ஆரம்பித்தது, இலவசம், நம்மூர்க் கல்லூரி நூலகங்கள் பலவற்றிலும் இதுதான். தினமும் குறித்த நேரத்தில், பெரும்பாலும் ராத்திரியில், அதில் ஒரு நிரல் தானாக ஓடி யார் யாருக்குத் தவணை நெருங்குகிறது என்று பார்த்து, ஆளுக்கொரு செய்தியை வரிசையில் போட்டு வைக்கும். அடுத்து இன்னொரு நிரல் வந்து அவற்றை எஸ்எம்எஸ் விற்கும் நிறுவனத்திடம் தள்ளிவிட்டு, "அனுப்பியாச்சு" என்று குறித்துக்கொள்ளும்.

இந்த "அனுப்பியாச்சு" கொஞ்சம் ஏமாற்றும். செய்தி உங்கள் போனுக்கு வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை, கைமாற்றியாச்சு, அவ்வளவுதான். போன் அணைந்திருந்தால் தொலைபேசி நிறுவனத்தின் செய்தி மையம் அதை வைத்துக்கொண்டு விட்டு விட்டு முயலும், கெடு தாண்டினால் தூக்கிப் போட்டுவிடும். வரவே இல்லை என்று வாசகர் சொல்வார், அனுப்பிவிட்டோம் என்று நூலகர் திரையைக் காட்டுவார். ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

சரி, தமிழில் அனுப்பினால் என்ன ஆகும்? ஒரு எஸ்எம்எஸ்ஸில் 140 பைட், அதாவது 1120 பிட் இடம். அழைப்புகளை ஏற்பாடு செய்யும் கட்டுப்பாட்டுத் தடத்தில் ஓரமாக ஏறிப் போகிற சரக்கு என்பதால்தான் இவ்வளவு சின்னது, டேட்டா இல்லாத பட்டன் போனுக்கும் போய்ச் சேர்வதும் அதனால்தான். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும், 160 எழுத்து கொள்ளும். தமிழ் வழக்கமாக எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் போகிறது, ஒவ்வொரு குறிக்கும் 16 பிட், ஆக 70தான். அதிலும் "புத்தகம்" நம் கணக்கில் ஐந்தெழுத்து, கணினிக்கோ உகரக் குறி, புள்ளிகள் எல்லாம் தனித்தனி என்பதால் எட்டு. ஆங்கிலச் செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்து கலந்தாலும், ஏன், வேர்டிலிருந்து ஒட்டிய வளைந்த மேற்கோள் குறி ஒன்று ஒளிந்திருந்தாலும் மொத்தச் செய்தியும் 70 கணக்குக்குப் போய்விடும். 70ஐத் தாண்டினால் துண்டாகும், துண்டுகளை ஒட்டுவதற்கான குறிப்புக்கும் இடம் வேண்டும் என்பதால் துண்டுக்கு 67, கட்டணமும் துண்டுக்கொன்று.

போதாததற்கு இந்தியாவில் செய்தியின் வாசகத்தையே முன்கூட்டி டிஎல்டி என்கிற, தொலைபேசி நிறுவனங்கள் நடத்தும் பதிவுத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும், பெயர், தேதி மாதிரி மாறுகிற இடங்களை மட்டும் காலியாக விடலாம். புத்தகத்தின் பெயரை அங்கே போடாமல் இருப்பதே நல்லது என்பேன். இடம் மிச்சம் என்பது ஒரு பக்கம், யார் என்ன படிக்கிறார் என்பது பூட்டிய திரையில் வீட்டில் எல்லோர் கண்ணிலும் படுவது அவ்வளவு சரியில்லை.